வீட்டை அடகு வைத்து லாயருக்குப் படிக்க வைக்கலாமா?

27 ஏப்ரல் 2025 – புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு அம்மாவின் கேள்வி

மகளுக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வந்து மூன்று நாள் ஆகிறது. நல்ல முடிவு. லாயராகத்தான் போவேன் என்கிறாள். கல்விக் கண்காட்சியில் ஒருவர் எங்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காது, ஏ லெவல் முடித்து, இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் இங்கிலாந்து, பேர்போன பல்கலைக்கழகப் பட்டம் என்றால் கோலாலம்பூரில் பெரிய ஆபிஸ்கள் கொத்திக்கொண்டு போகும், கடன் மூன்று வருடத்தில் அடைந்துவிடும் என்றார். எல்லாம் சேர்த்து 1,80,000 ரிங்கிட். என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் டிரைவர். வீட்டை வைத்துக் கடன் எடுக்கலாமா? லாயர் அண்ணன்மார் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

28 ஏப்ரல், இரவு

எடுக்காதீர்கள் தங்கச்சி. வீட்டுக் கிராண்டு, அதாவது நிலப் பத்திரம், பெட்டியிலேயே இருக்கட்டும்.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் பதினைந்து வருடமாக லாயர். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் ஊர்க் கிழவிகள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.) மளிகைக் கடைக்கு மேலே ஆபிஸ். படித்தது லண்டன் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்டர்னல் பட்டம், கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் உட்கார்ந்து. லண்டனை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரு கட்சிக்காரர்கூட என்னைக் கேட்டதில்லை. ஒரே ஒரு பாட்டி மட்டும் சுவரில் மாட்டியிருந்த பட்டத்தைக் காட்டி, “இது நீயா படிச்சி வாங்கினதாய்யா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பினாரா என்று தெரியாது.

மலேசியாவே அறிந்த லாயர் கர்ப்பால் சிங், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடிக்க ஏழு வருடம் எடுத்துக்கொண்டார். அதற்காக அவரை யாராவது கோர்ட்டில் குறைவாக மதித்தார்களா? பேர்போன கல்லூரி, சரியான நேரத்தில் பட்டம், இதெல்லாம் கண்காட்சிக் கூடாரத்தில் பேசும் பேச்சு.

29 ஏப்ரல், காலை

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் வீரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

கர்ப்பால் சிங்கை இழுத்தது தப்பு. அவர் படித்தது அறுபதுகளில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை வந்ததே 1972இல்தான். அப்போது லாயராக வேண்டுமென்றால் சிங்கப்பூர் அல்லது இங்கிலாந்து. நாட்டில் லாயர்கள் கொஞ்சம் பேர். வேலை ஆளைத் தேடிய காலம். இன்றைக்கு ஏழு வருடம் எடுத்துக்கொண்டு ஒரு பையன் வந்து நின்றால் நானே இரண்டு தடவை யோசிப்பேன். அப்புறம், அவர் கர்ப்பால் சிங். நாம் இல்லை.

கட்சிக்காரர் கேட்பதில்லை என்று சொன்னது உண்மை. ஆனால் முதல் வேலை தருபவர் கட்சிக்காரர் இல்லையே. அதை ராத்திரி வசதியாக விட்டுவிட்டேன்.

1 மே, தொழிலாளர் தினம், ஆபிஸ் லீவு

இன்று நேரம் இருக்கிறது, விவரமாக எழுதுகிறேன். கண்காட்சிக்காரர் முழுப் படத்தையும் காட்டவில்லை.

1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டப்படி, மலாயா, யூகேஎம், யூயூஎம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் சட்டப் பட்டம் வாங்கினால் சிஎல்பி என்ற லாயர் தகுதித் தேர்வு எழுத வேண்டாம். நேராக ஒன்பது மாத சேம்பரிங், அதாவது ஒரு லாயரிடம் தொழில் பயிற்சி. அது முடிந்தால் உயர் நீதிமன்றத்தில் பெயர் பதிந்துவிடலாம். யூஐடிஎம்மும் அந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் அங்கே நம் பிள்ளைகளுக்கு இடமில்லை, பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மட்டும். இங்கிலாந்துப் பட்டமோ லண்டன் எக்ஸ்டர்னலோ இருந்தால், ஒன்று அங்கேயே பார் கோர்ஸ் முடித்து பாரிஸ்டராக வர வேண்டும், இல்லாவிட்டால் இங்கே வந்து சிஎல்பி எழுத வேண்டும். பார் கோர்ஸுக்குக் கட்டணம் மட்டும் பத்தாயிரம் பிரிட்டிஷ் பவுனுக்கு மேல். அதை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்க்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்களிடம் சொன்ன 1,80,000இல் பார் கோர்ஸ் இருக்கிறதா? சிஎல்பி வகுப்புக்கான பணம் இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள்.

சிஎல்பி 1984இலிருந்து நடக்கிறது. ஐந்து தாள். நான் 2004இல் எழுதி விழுந்தேன், 2005இல் எழுந்தேன். எனக்கு முந்தியவர்கள் பாவம், 2001இல் வினாத்தாள் வெளியாகி மறுபடி எழுத வேண்டியதாயிற்று. எங்கள் கல்லூரியில் என்னோடு முதல் வருடத்தில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் கறுப்பு அங்கி போட்டோம் என்று விரல் விட்டு எண்ணினால், ஒரு கை போதும். மற்றவர்கள் இன்ஷூரன்ஸ், டியூஷன், ஒருவன் நல்ல கேட்டரிங் நடத்துகிறான். அவன்தான் எங்களில் பணக்காரன். அவனுக்கும் என் அளவு கடன் இருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்த நாட்டில் சட்டம் படிக்கப் பேரும் செலவுக் குறைவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தைவிட மதிப்பான உள்ளூர் பட்டம் ஏது? அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு தனியார் கட்டணத்தைப் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. சிஎல்பி செலவும் மிச்சம். ஆனால் நாற்காலி குறைவு. எஸ்டிபிஎம்மில் (ஆறாம் படிவத் தேர்வு) புள்ளி 4.00க்கு ஒட்டி இருக்க வேண்டும். அந்த நாற்காலி கிடைக்காதவர்கள்தான் கடன் வாங்குகிறோம். நான் உட்பட. பெரிய பேருக்காக நாம் கடன் படுவதில்லை, பேர் கைநழுவியதால் படுகிறோம். கண்காட்சிக்காரர் அதையே ஜிகினாத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்.

இன்னொன்று. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் உள்நாட்டில் படிக்க மட்டும். இங்கிலாந்து வருடத்துக்கு அது உதவாது. அங்கேதான் வீட்டுக் கிராண்டு மேசைக்கு வருகிறது.

3 மே

கலிபோர்னியாவில் இருக்கும் சித்தப்பா மகன் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறான். அங்கே முதலில் ஒரு பட்டம், அதற்கு மேல் மூன்று வருடம் சட்டக் கல்லூரி. பேர்போன இடங்களில் கட்டணமும் பேர்போனது. அரசாங்க வேலையிலோ பொதுநல அமைப்பிலோ இருந்து 120 தவணை ஒழுங்காகக் கட்டினால் மிச்ச மத்தியக் கடனைத் தள்ளிவிடும் ஒரு திட்டம் உண்டாம். பத்து வருடம். “நீ அங்கே இருந்திருந்தா இலவசமா கோயில் கேஸ் பார்த்ததுக்குக் கடன் தள்ளுபடி ஆயிருக்கும்ணே” என்கிறான். கோயில் கேஸைக் கணக்கில் சேர்ப்பார்களா என்று அவனையே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே பிடிபிடிஎன்னில் முதல் வகுப்பு வாங்கியவர்களுக்குக் கடனைத் தள்ளிய ஏற்பாடு உண்டு. சட்டத்தில் முதல் வகுப்பு வாங்கிய ஆளை நான் பக்கத்தில் நின்று பார்த்தது இரண்டு முறை.

9 மே

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

என் கடன் 42,000. கொடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒருவர் அப்பா, பால்மரம் வெட்டிப் பின்னால் செம்பனைக் குலை வெட்டியவர். இன்னொருவர் தாய்மாமா, தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேய்ப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட்ட அன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்தார், போட்டோ எடுப்பார்கள் என்று நினைத்தாராம்.

2006இல் சேம்பரிங். மாதம் 700 ரிங்கிட். பிரிக்ஃபீல்ட்ஸில் நான்கு பேர் ஓர் அறை. சேம்பரிங் காலத்தில் அனுமதியில்லாமல் வேறு வேலை பார்க்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது, அதனால் டியூஷனும் போச்சு. லாயர் ஆனதும் எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். தொழிலாளர் வழக்கு. தோட்டத்தை விற்றதும் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வீடு) காலி பண்ணு என்று வருகிற நோட்டீஸ், இபிஎஃப் என்ற சேமநிதியைக் கட்டாத முதலாளி, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ மறுத்த விரல் துண்டான கேஸ். அந்த மாதிரி வழக்கு மட்டும் பார்க்கிற ஒரு பெரியவர் இருந்தார். 1,500 தருகிறேன் என்றார். வங்கிகளுக்காகக் கடன் வசூலிக்கும் ஆபிஸ் ஒன்று 2,200 தருகிறேன் என்றது. கடனுக்கு மாதத் தவணை 380. யோசிக்க என்ன இருக்கிறது?

மூன்று வருடம் அங்கே இருந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது கோரிக்கைக் கடிதம். வார்ப்பு ஒன்றுதான், பெயரும் தொகையும் மாறும். “இக்கடிதத் தேதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள்.” கடன் வாங்கியவனுக்கு ஒன்று, ஜாமீன் நின்றவனுக்கு ஒன்று. ஒரு நாள் ஜாமீன்தாரர் முகவரியில் தென்னமரம் எஸ்டேட் வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டம். (1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட இடம் அதுதான். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை.) கல்விக் கடன், 38,000 பாக்கி. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அது என் வேலை.

வேடிக்கை என்னவென்றால் அந்த மாதம் நானே ஐந்து தவணை கட்டவில்லை. அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன், தங்கச்சிக்குக் கல்யாணம், காரணம் சொல்ல வந்தால் நிறைய. ஒரு சனிக்கிழமை மாமா பஸ் ஏறி கோலாலம்பூர் வந்தார். சட்டைப் பையில் இல்லை, ஒரு பிளாஸ்டிக் பையில் மடிக்காமல் வைத்து ஒரு கடிதம் கொண்டுவந்தார். பதினான்கு நாட்களுக்குள். வேறு ஆபிஸ், அதே வார்ப்பு. நான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறார், மருமகன் லாயர் ஆயிற்றே. வாசித்தேன். “அப்போ என்னைப் பேங்க்ரப் ஆக்கிடுவாங்களாய்யா?” என்றார். அப்போது வரம்பு 30,000. என் பாக்கி அதைத் தாண்டி இருந்தது. ஆக்க மாட்டார்கள் மாமா என்று சொன்னேன். சட்டப்படி அது பொய்.

10 மே

மாமா அப்புறம் என்ன சொன்னார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. மட்டன் பிரட்டலோடு சோறு வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டார். தவறிய ஐந்து தவணையை ஆபிஸில் முன்பணம் வாங்கிக் கட்டினேன். அதனால் அங்கே இன்னும் ஒரு வருடம் கூடுதலாக இருக்க வேண்டியதாயிற்று.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம், பயப்படுகிறவர்களுக்காக. 2017 அக்டோபரிலிருந்து சட்டம் மாறிவிட்டது. கல்விக் கடனுக்கு லாப நோக்கமில்லாமல் ஜாமீன் நின்றவர் ‘சமூக உத்தரவாதி’ என்ற கணக்கில் வருவார், அவரைத் திவாலாக்க முடியாது. வரம்பும் இப்போது 1,00,000. வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கலாம், அது வேறு.

ஆனால் தங்கச்சி, வீட்டை வைத்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உதவாது. நீங்கள் கையெழுத்துப் போடப் போவது பாராங் 16ஏ, நிலத்தை அடமானம் வைக்கும் படிவம். தவணை தவறினால் திவால் வரைக்கும் அவர்கள் போக வேண்டியதே இல்லை, வீடு ஏலத்துக்குப் போகும். அந்த ஏல மனுக்களையும் நான் எழுதியிருக்கிறேன்.

18 மே

“அப்போ பேர்போன பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாதா?” என்று ஒரு தம்பி குத்தலாகக் கேட்டிருக்கிறார். அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கதை இருக்கிறது.

2019இல் ஒரு பெண் எங்களிடம் சேம்பரிங் வந்தாள். இங்கிலாந்தில் நல்ல பட்டம், லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரோடு இருக்க வந்தவள். புத்திசாலி. அவள் எழுதிய வாதத்தைப் படித்தால் எனக்கே கைதட்டத் தோன்றும். முதல் வாரம் ஒரு வீட்டு நிலம் மாற்ற வேண்டியிருந்தது, அதற்கான பாராங் 14ஏ படிவத்தைத் தயார் பண்ணச் சொன்னேன். அரை நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, நிலச் சட்டப் பிரிவு எல்லாம் சரிபார்த்துக் கொண்டுவந்தாள். எங்கள் ஆபிஸ் கிளார்க் கிராணியம்மா, முப்பத்தோரு வருட சர்வீஸ், படிப்பு ஐந்தாம் படிவம் வரை, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “கவுண்டர்ல வீசிடுவான் பாப்பா” என்றார்.

கிராண்டில் விற்பவர் பெயர் முனியாண்டி, கடைசி எழுத்து ‘ஒய்’. ஐசியில் (அடையாள அட்டை) அதே முனியாண்டி, கடைசி எழுத்து ‘ஐ’. கிராண்டில் அப்பா பெயருக்கு முன்னால் எஸ்/ஓ, ஐசியில் ஏ/எல், இரண்டும் ‘மகன்’ என்பதுதான். தோட்ட ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிந்த ஆள் காதில் விழுந்தபடி எழுதியது, நிலத்தைப் பதிந்த ஆள் அவர் காதில் விழுந்தபடி எழுதியது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஆக்குவான் பெர்கானுன் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) ஒன்று செய்து சேர்த்தால்தான் கோலசிலாங்கூர் நில அலுவலகத்தில் வாங்குவார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. இதை லண்டனிலும் சொல்லித் தரமாட்டார்கள், மலாயாவிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கிராணியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

19 மே

நேற்றைய கதையை நிறைய பேருக்குப் பிடித்துவிட்டது, அதனால் அதன் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும். சேம்பரிங் முடிந்ததும் அவள் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆபிஸுக்கு விண்ணப்பம் போட்டாள். நான் தந்த சான்றுக் கடிதத்தை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டார்கள், மூன்றாவது வாரம் வேலை. என் காலத்தில் அதே மாதிரி இடங்களுக்கு நான் அனுப்பியது இருபத்தாறு விண்ணப்பம். இரண்டு பதில். இரண்டும் வருத்தம் தெரிவித்து.

அதனால் முதல் நாள் சொன்ன ‘கூடாரத்துப் பேச்சு’ என்பதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பேர் முதல் கதவைத் திறக்கிறது. அவளுக்குக் கடன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அப்பா தோட்டக் கிராணி, நிலம் கொஞ்சம் இருந்தது, விற்றார்கள். எங்கே சேம்பரிங் செய்வது, எப்போது போவது என்று அவளால் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடிந்ததற்குப் பட்டத்தைவிட அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பொறாமையில் சொல்கிறேனோ என்னவோ.

2 ஜூன்

வருமானம் எவ்வளவு, நேராகச் சொல் என்கிறார் ஒருவர். சரி.

வீடு நிலம் கைமாறும் வேலையில் கட்டணம் நாங்களாக வைப்பதில்லை, அதற்கு விதி உண்டு. 2023 ஜூலையிலிருந்து முதல் 5,00,000 ரிங்கிட் வரை 1.25 சதவீதம். எங்கள் ஊரில் 2,50,000க்கு ஒரு வீடு விற்றால் எனக்கு 3,125. கோலாலம்பூரில் ஒருவன் அதே பாராங், அதே ஆக்குவான், அதே அலைச்சலுக்கு இதைவிட அதிகம் பார்ப்பான், வீட்டு விலை அப்படி. இங்கே மாதம் மூன்று வீடு வந்தால் திருவிழா. வராத மாதமும் உண்டு. அதிலிருந்து வாடகை, கிராணியம்மா சம்பளம், இன்னொரு பையன் சம்பளம், போட்டோஸ்டாட் மிஷின் தவணை.

விபத்து கேஸ் வரும். தடுப்புக் காவல், ஜாமீன் கேஸ் வரும். காசில்லாதவர்களுக்கு 2012இலிருந்து தேசியச் சட்ட உதவி அறவாரியம் லாயர் அனுப்புகிறது, அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன். காலையில் மாஜிஸ்திரேட் முன்னால் ரிமாண்ட், கூடவே விலங்கு போட்ட பத்தொன்பது வயசுப் பிள்ளைகள், வெளியே அம்மாக்கள். பணம் சொற்பம், ஆனால் வந்து சேரும். கோயில் நிர்வாகச் சண்டையில் அதுவும் வராது. இரண்டு கோஷ்டியும் என் சொந்தக்காரர்கள். போன வருடம் ஒரு கோஷ்டி ஒரு கூடை மாம்பழம் கொடுத்தது. மறு கோஷ்டி அதைக் கேள்விப்பட்டு இரண்டு கூடை.

இந்த பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இன்றைக்கும் சில ஆபிஸ்களில் சேம்பரிங் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள், என் காதுக்கு வருகிறது. எங்களிடம் சேம்பரிங் வந்த அந்தப் பெண்ணுக்கு நான் 2019இல் எவ்வளவு கொடுத்தேன் என்று யாரும் கேட்காதீர்கள்.

சரி, கேட்டாலும் சொல்கிறேன். 900.

5 ஜூன்

“வருந்துகிறீர்களா அண்ணே?” என்று கேட்ட பிள்ளைக்கு. கடன் 2014இல் முடிந்தது. கடைசித் தவணை கட்டிய ரசீதை மாமாவிடம் காட்டப் போனேன், அவருக்கு அப்போது ஞாபக மறதி, யாருடைய ரசீது என்று கேட்டார். ஊருக்கு வந்தது நானாக எடுத்த முடிவு என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். கோலாலம்பூரில் அறை வாடகை மிச்சம், அம்மா சமையல், கடன் சீக்கிரம் அடையும், இந்தக் கணக்குதான் 2010இல் என்னைப் பஸ் ஏற்றியது. அந்தப் பெரியவர் ஆபிஸுக்கு 1,500க்குப் போயிருந்தால் தொழிலாளர் வழக்கில் ஏதாவது செய்திருப்பேனா? தெரியாது. இங்கே வந்த பிறகு லய நோட்டீஸ் கேஸ் ஒன்பது பார்த்திருக்கிறேன். நான்கில் வீடு வாங்கிக் கொடுக்க முடிந்தது.

14 ஜூன், சனிக்கிழமை

தங்கச்சி எழுதியிருக்கிறார். மகள் ஆறாம் படிவத்தில் சேருகிறாள். மலாயா கிடைக்காவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவாம். மகளுக்கு என்மேல் கோபம், “அந்த அங்கிள் எக்ஸ்டர்னல்ல படிச்சிட்டு லாயராத்தானே இருக்காரு” என்கிறாளாம். நியாயமான வாதம். பதில் என்னிடம் இல்லை.

ஆனால் தங்கச்சி, கண்காட்சிக்காரர் விடவில்லை, இடம் பிடித்து வைக்க 2,000 ரிங்கிட் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரசீது, அந்த ஆஃபர் லெட்டர், கையெழுத்துப் போட்ட பாரம், மூன்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வாருங்கள். ஒரு மணிக்கு மூடிவிடுவோம். மாடிப்படி செங்குத்து, உங்கள் மாமியாரைக் கூட்டி வருவதாக இருந்தால் கீழே மளிகைக் கடையில் உட்கார வையுங்கள், கிராணியம்மா இறங்கி வந்து பார்ப்பார். மகளையும் அழைத்து வாருங்கள். அந்த பாரத்தின் பின்பக்கத்தில் பணம் திரும்பத் தருவது பற்றிச் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கும், அதை அவளே முதலில் வாசிக்கட்டும்.